கோலை வேண்டாம் என்ற பையனுக்கு என்ன படிப்பு?

வணக்கம் ஐயா.

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் என் அறைக்கு வந்தபோது, மகன் படிவம் 5க்குப் பிறகு என்ன படிக்கலாம் என்றுதான் பேச ஆரம்பித்தீர்கள். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நேர்மையா இருந்தா இவன் எப்படி சார் பிழைப்பான்?" என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டங்களுக்கு இடையிலான காற்பந்து இறுதியாட்டம், கடைசி நிமிடம், உங்கள் மகனின் கோல். கோல் என்று நடுவர் விசிலும் ஊதிவிட்டார். இவனே ஓடிப்போய், பந்து கையில் பட்டது என்று சொல்லியிருக்கிறான். கோல் போனது, அப்புறம் பெனால்டியில் கோப்பையும் போனது. வேண்டுமென்றே தட்டவில்லை, தெரியாமல் பட்டதுதான். ஆனால் 2019இல் வந்த விதிப்படி, தெரியாமல் கையில் பட்டு நேராக வலைக்குள் போனாலும் அது கோல் இல்லை. அதே சமயம், நடுவர் கவனிக்காததை ஆட்டக்காரர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

1986 உலகக் கிண்ணக் காலிறுதியில் மரடோனா கையால் தட்டி கோல் போட்டார், சொல்லவில்லை. அர்ஜென்டினா கோப்பையோடு ஊர் திரும்பியது. 2012இல் இத்தாலியில் லாசியோவுக்கு ஆடிய ஜெர்மனிக்காரர் குளோசே, தன் கோல் கையில் பட்டது என்று நடுவரிடம் சொல்லிவிட்டார். அன்று லாசியோ 3-0 தோற்றது. அதே குளோசே 2014இல் தன் 16ஆவது உலகக் கிண்ணக் கோலை அடித்துச் சாதனை படைத்தார். அவர் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை ரொம்ப இழுக்க எனக்கு மனம் வரவில்லை. குளோசேவுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். உங்கள் பையனின் அணியில் ஆளுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டு ஜெர்சி தைத்திருந்தார்கள். பரிசுப் பணத்தில் அதைத் திரும்ப எடுக்கலாம் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். நீங்கள் கோப்பி வாங்கி வரப் போயிருந்த நேரத்தில், காலுறையில் ஒட்டிய புல் விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் மேசை விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டே அவன் கேட்டான்: "சார், கோல் நான் அடிச்சது. கோப்பை பதினோரு பேருக்கும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இருக்கா?"

நன்னெறிக் கல்வித் தேர்வில் 'நேர்மை' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இவன் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. அவன் வயதில் நானாக இருந்தால் நடுவர் பக்கமே போயிருக்க மாட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னேன்: விதிப்படி அது கோலே இல்லை, இல்லாததை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பத்துப் பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கடன் உனக்கு இருக்கிறது. அவன் தலையாட்டவில்லை. இன்னும் யோசிக்கிறான் போல.

சரி, படிப்புக்கு வருவோம். காற்பந்து பிடிக்கும் என்பதற்காக மட்டும் விளையாட்டு அறிவியலில் சேர்க்காதீர்கள். உள்ளே போனால் உடலியல், தசை, எலும்பு, அளவீடு என்று அறிவியல்தான் அதிகம். அவனுக்கு ஓடுவது எந்த அளவுக்குப் பிடிக்கிறதோ, 'இது நியாயமா' என்று நோண்டுவதும் அந்த அளவுக்குப் பிடிக்கிறது. அதற்கு நான் பார்க்கும் வழி ஆறாம் படிவம். அதில் எழுதும் எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழகத்துக்குப் போக உதவும் மலேசிய உயர்நிலைத் தேர்வு; மூன்று தவணை, ஒன்றரை வருஷம். பொதுப்பாடம் கட்டாயம். அதோடு வரலாறும் தமிழும் எடுக்கட்டும். விளையாட்டு அறிவியலும் எஸ்.டி.பி.எம்.மில் ஒரு பாடம்தான், பக்கத்துப் பள்ளியில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளிகள் நன்றாக வந்தால் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சட்டம் படிக்க விண்ணப்பிக்கலாம். அது நான்கு வருஷம், வழக்கறிஞராக வேண்டுமென்றால் மேலும் ஒன்பது மாதப் பயிற்சி. நீளமான பாதைதான், ஒளிக்கவில்லை. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழே கிடையாது, எனவே இப்போதைக்கு டியூஷன் காசை அந்த இரண்டில் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலத் தேர்வான மூவெட்டுக்காக (MUET) ஆங்கிலத்தையும் விட்டுவிடக் கூடாது.

பந்தை மட்டும் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். வயதும் நேரமும் ஒத்துவந்தால் நடுவர் பயிற்சிக்குப் போகட்டும். பெரிய வருமானம் இல்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். ஆனால் அன்றைக்கு விசிலோடு நின்ற மனிதரின் இடத்தில் இவனும் ஒரு நாள் நிற்கட்டுமே.

அடுத்த சனிக்கிழமை படிவம் 4 தேர்வு முடிவுகளைக் கொண்டுவாருங்கள். திடலிலிருந்து நேராக அழைத்து வந்தாலும் பரவாயில்லை. காலுறையை மட்டும் வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள், போன வாரப் புல் விதை என் கோப்புகளிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.