படம் யாருக்கு? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கோவையில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆட்களையும் பொருள்களையும் திட்டமிட்டு நிறுத்தி அமைத்தெடுத்த புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, எடுத்துரைப்பியல் (கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று ஆராயும் துறை) கோட்பாடுகளின்படி அதற்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஓர் ஒப்படைப்பு தந்திருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1979இல் எடுத்த படத்தைத் தேர்ந்துகொண்டேன். வளைந்து செல்லும் சாலையின் ஓரத்தில் பெட்டியோடு ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் படம். கதைகளின் கட்டமைப்பை ஆராய்ந்த ப்ராப், தொதரோவ் இருவரின் கோட்பாடுகளையும் பொருத்தி ஓர் அட்டவணை தயாரித்து இணைத்துள்ளேன். அதில் சாலையை வில்லனாகவும் பெட்டியை உதவும் பொருளாகவும் கொண்டிருக்கிறேன். தொதரோவ் சொல்லும் சமநிலை குலைவது எந்த இடத்தில் என்பது மட்டும் பிடிபடவில்லை. என் வாசிப்பு சரிதானா? அமைத்து எடுத்த படம் பொய்தானே, பொய்யில் பொருள் தேடுவது எதற்கு என்று என் அறைத்தோழி கேட்கிறாள். அதற்கும் பதில் சொன்னால் மகிழ்வேன்.

ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச.,

ஒப்படைப்புக்கு விடை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுடையது வந்த வாரத்தில் நானும் ஒரு பழைய புகைப்படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்பதால் எழுதுகிறேன். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோழியின் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மேடையில் செத்து விழுந்தவர் திரை இறங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போவார் என்று தெரிந்துகொண்டேதான் அழுகிறோம். செய்திப்படம் என்று சொல்லி அமைத்தெடுத்தால் அது மோசடி. ஷெர்மன் அப்படி எதுவும் சொல்லவில்லை. 1977 முதல் 1980 வரை திரைப்படக் காட்சிகளைப் போல அவர் எடுத்த படவரிசையின் எல்லாப் படங்களிலும் நிற்பவர் அவரேதான். அவை எந்தத் திரைப்படத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்கு அவர் தலைப்புகூட வைக்கவில்லை. இதற்குமேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

அட்டவணையைப் பார்த்ததும் கோபம் வந்தது. சாலை வில்லனாம், பெட்டி உதவும் பொருளாம்! ப்ராப் 1928இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ நூறு ரஷ்ய மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்து, ஒருவர் வீட்டை விட்டு நீங்குவதில் தொடங்கித் திருமணமோ முடிசூட்டோ நடப்பதுவரை 31 செயல்களை வரிசைப்படுத்தினார். எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் வருகிறது என்பதுதான் அவருடைய அக்கறை முழுவதும். வரிசையை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது நாயகன், வில்லன், உதவுபவர் என்ற வெறும் பெயர்ப்பட்டியல், அந்தப் பெயர்ப்பட்டியலைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தொதரோவும் அப்படியே: ஒரு நிலை குலைந்து, அந்தக் குலைவு உணரப்பட்டு, சரிசெய்யப்பட்டு, முன்பிருந்ததைப் போலத் தோன்றினாலும் முன்பிருந்தது அல்லாத வேறொரு நிலைக்கு வந்து சேர்வதற்குக் காலம் ஓட வேண்டும். உங்கள் படத்தில் ஓடுவதற்குக் காலமே இல்லை. சமநிலை குலையும் இடம் பிடிபடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். பிடிபடாமல் போனது உங்கள் கண் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கண்ணை நம்பாமல் கட்டத்தை நம்பியதுதான் குறை.

ஓவியனுக்குக் கிடைப்பது ஒரே கணம் என்பதால், முன்னால் நடந்ததையும் பின்னால் நடக்கப்போவதையும் ஊகிக்க இடம்தரும் கணத்தை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766இலேயே எழுதிவிட்டார். அந்த ஊகத்தைச் செய்பவர் பார்வையாளர். ஆகவே கதை படத்துக்கும் பார்வையாளருக்கும் இடையில்தான் உருவாகிறது. இதை ஏற்றுக்கொண்டால் வில்லனைத் தேடும் வேலை தானாகவே பின்னுக்குப் போய்விடும், அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று வந்து நிற்கும்: இந்தப் படம் யார் பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது?

அமைத்தெடுத்த புகைப்படத்தின் வரலாற்றில் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போலித் பயார் பிரெஞ்சு நிதியமைச்சகத்தில் வேலை பார்த்தவர். நெகட்டிவ் இல்லாமல் காகிதத்தின்மேல் நேரடியாகப் படம் பதியும் முறையைத் தாமே கண்டுபிடித்து, 1839 ஜூன் 24 அன்று பாரிசில் 30 படங்களைக் காட்சிக்கும் வைத்தார். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று அறிவியல் கழகத்தில் முறைப்படி வெளியிடப்பட்டது தகேர் என்பவரின் புகைப்பட முறை. அவருக்கு அரசு ஆண்டுக்கு 6,000 பிராங்க் வாழ்நாள் ஓய்வூதியம் கொடுத்தது. பயாருக்குக் கருவிகள் வாங்கச் சிறு தொகை கிடைத்தது, அவ்வளவுதான். 1840 அக்டோபரில் அவர் தம்மையே பிணமாக அமைத்து ஒரு படம் எடுத்தார். இடுப்புக்குமேல் துணியில்லாமல், கண்களை மூடி, சாய்ந்து கிடக்கிறார். அருகில் ஓர் அகன்ற வைக்கோல் தொப்பி தொங்குகிறது. முகமும் கைகளும் உடம்பைவிடக் கறுத்திருக்கின்றன.

படத்தை மட்டும் பார்த்தால் குளித்துவிட்டு அயர்ந்து தூங்கும் ஒருவர் என்றுகூடச் சொல்லலாம். கதை படத்தின் பின்புறத்தில் இருக்கிறது. இது பயார் என்பவரின் உடல், தகேருக்கு அள்ளிக் கொடுத்த அரசு இவருக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதால் இவர் நீரில் மூழ்கி இறந்தார், பிணவறையில் பல நாளாகக் கிடக்கும் இவரைத் தேடி யாரும் வரவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பார்ப்பவர்களை நோக்கித் திரும்பி, முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன, உங்கள் மூக்குக்குத் தொல்லை வராமலிருக்க நகர்ந்துவிடுங்கள் என்கிறார். அழுகல் ஒன்றும் இல்லை. வெயிலில் சிவந்த தோல் அக்காலத்து வேதிப்பூச்சில் கருமையாகப் பதியும். தம் முறையின் குறையையே பிணத்தின் சான்றாக மாற்றிக்கொண்ட அந்த மனிதர் அதன்பின் 1887 வரை வாழ்ந்தார்.

இதில் நாயகன் யார், வில்லன் யார் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம்: பயார் நாயகன், அரசு வில்லன், தகேர் நாயகனின் பெருமையைத் தட்டிப்பறிக்கும் போலி நாயகன். ஆனால் அந்தக் குறிப்பு ‘சீமான்களே, சீமாட்டிகளே’ என்று விளிக்கிறது என்பதை விட்டுவிட்டால் படத்தில் பாதி போய்விடும். தம்மைக் கவனிக்காத அதே பாரிஸ் கனவான்களைப் பிணவறைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களாக்கி, நின்று பார்க்கவும் விடாமல் விரட்டுகிறார். அந்தக் கனவான்களை நீக்கிப் பாருங்கள், ஓர் அரைத்தூக்கமும் ஒரு தொப்பியும்தான் மீதி.

இதையே அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படமெடுத்த கார்ட்னரிடமும் காணலாம். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அவரும் உடன் இருந்தவர்களும் தென் மாநிலங்களின் படைவீரர் ஒருவரின் உடலைத் தூக்கிக்கொண்டுபோய், பாறைகளுக்கிடையே இருந்த கற்சுவரின் அடியில் கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார்கள். அதே உடல் முதலில் கிடந்த இடத்திலும் படமெடுக்கப்பட்டிருப்பதை வரலாற்றாசிரியர் வில்லியம் ஃபிரசனிட்டோ 1975இல் நிறுவினார். துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடும் வீரர்கள் பயன்படுத்தும் வகை அல்ல. கார்ட்னரோ 1866இல் 150 டாலர் விலைவைத்து வெளியிட்ட தொகுப்பில், காயம்பட்ட அந்த வீரர் தனிமையில் வீட்டை நினைத்தபடி இறந்திருக்கக்கூடும் என்று உருகியதோடு நிற்கவில்லை, நவம்பரில் திரும்பிப் போனபோது துருப்பிடித்த துப்பாக்கியும் எலும்புக்கூடும் அங்கேயே இருந்தன என்றும் எழுதினார். நினைவுப்பொருள் பொறுக்க ஆட்கள் அலைந்த களத்தில் துப்பாக்கி நான்கு மாதம் கிடந்ததாம்! இதுதான் உங்கள் தோழி கேட்ட பொய். அந்த விலைக்கு வாங்கக்கூடிய, தங்கள் வீட்டிலும் ஒருவரைப் போரில் இழந்திருக்கக்கூடிய குடும்பங்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பது கார்ட்னருக்குத் தெரிந்திருந்தது.

இனி என் படம். எங்கள் சின்ன அத்தைக்குச் சடங்கு நடந்தபோது ஸ்டுடியோவில் எடுத்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த உங்களுக்கு இந்த வகைப் படத்தை விளக்கத் தேவையில்லை: தைத்த பூச்சடையோடு பெண் நிற்பாள், சடையும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி இருக்கும். கேமராவும் விளக்கும் கண்ணாடியில் விழாதபடி அதைச் சாய்த்து வைப்பது ஸ்டுடியோக்காரரின் கைத்திறன். அத்தையின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது, முந்தானை கரை தெரிய விரிந்திருக்கிறது.

சேலை தாய்மாமன் சீர். கரையை விரித்துக் காட்டியது மாமன் வீட்டாருக்காக; படத்தின் ஒரு படி அவர்கள் வீட்டுக்குத்தான் போனது. கடிகாரம் ஸ்டுடியோவுக்குச் சொந்தம். பிரெஞ்சு அறிஞர் பார்த் சொல்லும் பண்புக்குறியை (ஆளின் குணத்தையோ நிலையையோ சுட்டும் அடையாளத்தை) அதற்குப் பொருத்தினால் ‘படிக்கிற பெண், வசதியான வீடு’ என்று வரும், அதில் தவறும் இல்லை. அந்த ஆண்டில்தான் அத்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பின்னால் மாப்பிள்ளை தேடும் நாளில் வரப்போகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் பாட்டி அந்தக் கடிகாரத்தைக் கட்டச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படத்தை ஏந்திக்கொண்டு நான் இப்படியெல்லாம் பொருள் சொன்னபோது அத்தை சிரித்துவிட்டுச் சொன்னார்: “திரும்பக் கூடாதுன்னுட்டாருடா அந்த ஆளு. சடை எப்படி இருந்துச்சுன்னு படம் கழுவி வந்த பிறகுதான் நானே பார்த்தேன்.” அறையில் இருந்த ஒரே கண்ணாடி, அதன்முன் நின்றவளைத் தவிர மற்ற எல்லாருக்காகவும் வைக்கப்பட்டது. உங்கள் அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் ச.? அத்தை உதவி பெறுபவரா, கண்ணாடி வில்லனா?

இவ்வளவும் சொன்னபின் ஷெர்மன் படத்தைப் பாருங்கள். அவள் முகம் நமக்கு இல்லை, அவள் பார்க்கும் சாலைதான் நமக்கும். நாம் அவளுக்குப் பின்னால் எதற்காக நிற்கிறோம்? அவளை இறக்கிவிட்டுப் போனவரின் இடமா அது, அவள் அறியாமல் நெருங்குபவரின் இடமா, திரையரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவரின் இடமா? நூற்றுக்கணக்கான திரைப்படங்கள் இந்த இடத்தில் நம்மை உட்காரவைத்துப் பழக்கியிருக்கின்றன. அதனால்தான் இல்லாத படம் ஒன்று நினைவுக்கு வருவது போலிருக்கிறது. ஒப்படைப்பை இங்கே தொடங்குங்கள். ஒரே சரியான பொருள் உண்டா என்ற கவலையை அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தொதரோவைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று பாடத்திட்டம் வற்புறுத்தினால், தனிப்படத்தை விட்டுவிட்டுப் படவரிசைக்குப் போங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டுவேன் மைக்கேல்ஸ் 1973இல் ஒன்பது படங்களில் ஒரு வரிசை செய்திருக்கிறார். முதற்படத்தில் ஒரு சாதாரணக் குளியலறை. அடுத்ததில் அதற்குள் ஒரு ராட்சதக் கால் நிற்கிறது. படத்துக்குப் படம் நம் பார்வை பின்வாங்கப் பின்வாங்க, முன்பு பார்த்தது ஒரு புத்தகத்தின் பக்கத்துக்குள்ளும் பிறகு ஒரு சட்டத்துக்குள்ளும் போய், கடைசியில் அதே குளியலறை வருகிறது. ஒன்பதாவது படம் முதல் படமேதான், ஆனால் இப்போது அதை நம்ப முடியவில்லை. உங்கள் அட்டவணைக்கு அங்கே வேலை உண்டு. எழுதினால் அனுப்புங்கள், படிக்கிறேன்.