துரை கொடுத்த வெள்ளிச் சிமிழ்

கேள்வி: என் மாமனாரின் அப்பா தேயிலைத் தோட்ட பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த மூன்று வெள்ளிச் சாமான்கள் பரணில் கிடைத்தன. உப்புக் கிண்ணம், ஓட்டை மூடி போட்ட மிளகுப் புட்டி, உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஒரு சிமிழ். சிமிழின் மூடி விளிம்பில் சிறு பகுதி உடைந்திருக்கிறது. எல்லாம் கருத்துப்போயிருக்கின்றன. நகைக்கடையில் எடைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? அல்லது ஊறுகாய் வைத்துக்கொள்ளலாமா? முத்திரைகளின் படம் அனுப்பியிருக்கிறேன். – வாசகி, குன்னூர்

பதில்: முதலில், மூடி உடையவில்லை. அது கடுகு விழுது வைக்கும் சிமிழ். மூடியபிறகும் கரண்டிக் காம்பு வெளியே நிற்க விட்ட வழிதான் அந்த வெட்டு.

சிமிழிலும் உப்புக் கிண்ணத்திலும் நடக்கும் சிங்கம், நங்கூரம், ராணியின் தலை தெரிகின்றன. சிங்கம் என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம் நகரத்து முத்திரை. தலை விக்டோரியா ராணியுடையது, வரி கட்டியதற்கான அடையாளம். அந்த வரியை 1890-ல் எடுத்துவிட்டார்கள், ஆகவே உங்கள் சாமான் அதற்கு முந்தையது. பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து எந்த வருஷம் என்று சொல்லும். படத்தில் அது மங்கல், இன்னொன்று எடுத்து அனுப்புங்கள்.

மிளகுப் புட்டி வேறு கதை. அதில் 'ஈ.பி.என்.எஸ்.' என்றிருக்கிறது. நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளிப் பூச்சு. பழையது தொலைந்து, யாரோ ஜோடி சேர்த்திருப்பார்கள். சகஜம்தான்.

எடைக்குக் கொடுக்காதீர்கள். இவ்வளவு சின்னச் சாமானில் வெள்ளி எடை சொற்பம், மதிப்பு வேலைப்பாட்டிலும் முத்திரையிலும் இருக்கிறது. பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டாமல் கடைக்காரரின் தராசில் வைக்க வேண்டாம்.

ஊறுகாய் தாராளமாக வையுங்கள், ஆனால் கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டும். வெள்ளிக்கு எமன் உப்பு. ஈர உப்பு ராத்திரி முழுக்கக் கிடந்தால் குழிகுழியாக அரித்துவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உப்புக் கிண்ணத்தின் உட்புறம் மஞ்சளாகத் தெரிகிறதே, அது அழுக்கு அல்ல, அரிப்பைத் தடுக்கப் பூசிய தங்கம். அதைச் சுரண்டிவிடாதீர்கள்! சாப்பிட்டு முடித்ததும் உப்பைக் கொட்டிக் கழுவித் துடைத்து வைத்தால் போதும்.

கருப்பு போக வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, அப்புறம் வெள்ளி துடைக்கும் துணி. விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, ஆனால் இதற்கு வேண்டாம், பற்பசை கூடவே கூடாது. இரண்டும் முத்திரையை மழுக்கும், மிளகுப் புட்டியின் பூச்சையும் கரைத்துவிடும். பூவேலையின் பள்ளங்களில் கொஞ்சம் கருமை இருக்கட்டும், அதனால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரிகிறது. எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

நீலக் கண்ணாடி கீறியிருந்தால் அதன் வாய், அடி, உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். இங்கிலாந்தில் அளவு சொன்னால் புதுக் கண்ணாடி விற்கிறார்கள்.