ரோம்ல ஒரே ஒரு நாள்: எது கிரேக்கம், எது ரோமன்னு பிள்ளைக்கு எப்படிக் காட்டுறது?

கேள்வி: டிசம்பர்ல வேலை விஷயமா இத்தாலி போறேன், பத்தாவது படிக்கிற பொண்ணும் கூட வர்றா. ரோம்ல முழுசா ஒரே ஒரு நாள்தான் கையில இருக்கு. "கிரேக்கம் வேற ரோம் வேறயாப்பா, ரெண்டும் ஒரே மாதிரி தூணாத்தானே இருக்கு"ன்னு இப்பவே கேக்குறா. எங்க கூட்டிட்டுப் போய் எதைக் காட்டினா புரியும்?

பதில்: பொண்ணு ரொம்ப சரியான கேள்வியைக் கேட்டிருக்குங்க. ஆர்க்கிடெக்சர் பசங்களுக்குக் கட்டட வரலாறு நடத்துறேன், முதல் வருஷப் பசங்க வருஷா வருஷம் இதையேதான் கேப்பாங்க. ஒரு நாள்தான்னா மியூசியம் மியூசியமா ஓடாதீங்க, காலைல திறந்த உடனே பாந்தியன்ங்கிற பழைய ரோமன் கோயிலுக்குப் போயிடுங்க, அங்க ஒரு மணி நேரமாவது இருங்க.

முதல்ல உள்ள போக விடாதீங்க. வெளிய சதுக்கத்துல நின்னு முகப்பை மட்டும் பாக்கச் சொல்லுங்க. 16 தூணு, அதுக்கு மேல முக்கோணம், தூணோட தலையில இலை இலையா செதுக்கல், இது அத்தனையும் கிரேக்கக்காரங்க தங்களோட கோயிலுக்குன்னு உருவாக்கின டிசைன். அந்த இலைத் தலைக்கு கொரிந்தியன்னு பேரு, கொரிந்துங்கிறது கிரேக்க ஊரு. அந்த ஊரைத்தான் கி.மு. 146ல ரோம் படை போய் தரைமட்டமாக்குச்சு, சிலை ஓவியம்னு கிடைச்சதையெல்லாம் அள்ளிட்டு வந்தாங்க, ஆனா பாருங்க, ஜெயிச்ச ரோம் பணக்காரங்க தங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர கிரேக்க வாத்தியாரைத்தான் வச்சாங்க, கோயில் கட்டினாலும் அவங்க தூணைத்தான் வச்சாங்க.

கிரேக்கக் கட்டடத்துல தூண் ஏன் இவ்வளவு நெருக்கமா இருக்குன்னு அங்கயே சொல்லிடலாம். பையில ஒரு கடலைமிட்டாய் பாளம் எடுத்துட்டுப் போங்க. ரெண்டு விரல் மேல வச்சு நடுவுல அமுக்கினா பட்டுன்னு உடையும், கல் உத்தரமும் அப்படித்தான், நேரா நசுக்குற மாதிரி அமுக்கினா நிறையவே தாங்கும், ஆனா உத்தரமா வச்சு நடுவுல வளைஞ்சா விரிசல் விட்டுடும். அதனால கல் உத்தரத்தை வச்சு பெரிய ஹால் வேணும்னா நடுவுல தூண் வச்சே ஆகணும், ஏதென்ஸ்ல இருக்கிற பார்த்தினான்ங்கிற கிரேக்கக் கோயில் உள்ளயும் தூண் வரிசை இருந்தது.

இப்ப கதவைத் தாண்டி உள்ள கூட்டிட்டுப் போங்க. நடுவுல ஒரு தூண் கிடையாது! 43.3 மீட்டர் அகல வட்டம், தரையில இருந்து உச்சியில இருக்கிற ஓட்டை வரைக்கும் உயரமும் அதே 43.3 மீட்டர். எத்தனை தடவை ஸ்லைடுல போட்டுக் காட்டினாலும் நேர்ல அந்த வாசலைத் தாண்டுறப்ப வர்ற உணர்வு வேற. இது முழுக்க ரோமன் வேலை, சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கலந்த கான்கிரீட், உள்ள கம்பியே கிடையாது, கம்பி போடாத கான்கிரீட் டோம்ல, அதாவது குவிமாடத்துல, இன்னிக்கு வரைக்கும் உலகத்துலயே பெருசு இதுதான். வளைவுல கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் பெரும்பாலும் அமுக்கம்தான் வரும், மிட்டாய் மாதிரி நடுவுல உடையுற வேலை ரொம்ப கம்மி. அடியில சுவர் பக்கம் டோம் சுமார் 6 மீட்டர் தடிமன், உச்சி ஓட்டைகிட்ட 1.2 மீட்டர்தான். கலவையையும் மாத்தியிருக்காங்க, கீழ கனமான கல்லும் செங்கல்லும், மேல போகப் போக பியூமிஸ், அதான் நாம குதிகாலைத் தேய்க்கிற அந்த லேசான கல்லு. மழை பெஞ்சா இன்னும் நல்லது, அந்த ஓட்டை வழியா தண்ணி நேரா உள்ள விழும், தரையில சின்னச் சின்னத் துளை இருக்கும், அது வழியா வடியும், பொண்ணைத் தேடிப் பாக்கச் சொல்லுங்க.

வெளிய வந்ததும் முகப்புல பெரிய எழுத்துல "எம். அக்ரிப்பா"ன்னு ஆரம்பிக்கிற வரியைப் படிக்கச் சொல்லுங்க. லூசியஸ் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூணு தடவை கான்சலா (ரோம் அரசுல உயர்ந்த பதவி) இருந்தவர், கட்டினதுன்னு அர்த்தம். உண்மையில அவர் கட்டின கோயில் தீயில போயிடுச்சு, இப்ப நிக்கிறது ஹாட்ரியன் பேரரசர் காலத்துல, கி.பி. 126 வாக்குல முடிஞ்சது, தன் பேரைப் போடாம பழைய பேரையே விட்டுட்டார். 609ல சர்ச்சா மாத்தினதாலதான் கல்லை யாரும் பேத்துட்டுப் போகாம இந்த அளவுக்குத் தப்பிச்சிருக்கு. இன்னிக்கும் சர்ச்தான், தோள் மூடுற டிரஸ் போட்டுக்கங்க, பூஜை நேரத்துல சுத்திப் பாக்க விடமாட்டாங்க.

மத்தியானம் கொலோசியம்ங்கிற பழைய ரோமன் அரங்கம். டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்துடுங்க, பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். வெளிச்சுவரைப் பாத்தா கீழ்த்தட்டுல டோரிக் ஜாடைத் தூண், அதுக்கு மேல ஐயோனிக், அதுக்கும் மேல கொரிந்தியன், மூணுமே கிரேக்க ஸ்டைல், ஆனா அது எல்லாம் சுவத்துல ஒட்டின பாதித் தூண்தான், அழகுக்கு. பாரத்தைத் தாங்குறது நடுவுல இருக்கிற வளைவுங்க. "எதை எடுத்துட்டா கட்டடம் விழும்?"னு கேளுங்க, அவளே சொல்லிடுவா.

வழியில எங்கயாவது பளிங்குச் சிலை பாத்தா காலைக் கவனிங்க, பக்கத்துல தேவையே இல்லாம மரக்கட்டை மாதிரி பளிங்குல செதுக்கினது ஒண்ணு ஒட்டிட்டு நிக்கும். கிரேக்கர் வெண்கலத்துல செஞ்ச சிலையை ரோம்ல பளிங்குல காப்பி அடிச்சாங்க, பளிங்கால ரெண்டு கால்ல தனியா நிக்க முடியாது, அதுக்குத்தான் அந்தக் கட்டை. ஒரிஜினல் வெண்கலம் நிறைய உருகிப் போச்சு, அதுல பலதை இன்னிக்கு நாம தெரிஞ்சுக்கறதே இந்தக் காப்பியை வச்சுதான்.

சாயங்காலம் டிரெவி ஃபவுண்டன், பாந்தியன்ல இருந்து நடக்குற தூரம்தான். கி.மு. 19ல ரோமுக்குள்ள தண்ணி கொண்டுவந்த அக்வா விர்கோங்கிற வாய்க்காலோட கடைசியிலதான் அதைக் கட்டியிருக்காங்க. இடது பக்கம் மேல ஒரு செதுக்கல் இருக்கு, அந்த வாய்க்கால் வரைபடத்துக்கு ஓகே சொல்றவர் யாருன்னு பொண்ணுகிட்ட கேளுங்க. காலைல அவ படிச்ச அதே அக்ரிப்பா.