சொந்த வலியைப் பாட்டாக எழுதி திடீர்ப் புகழ் பெற்றவர்களுக்கு மனதுக்குள் என்ன நடக்கும்? அவர்களுடைய அடையாளம் மாறிவிடுமா?

என் பாட்டு ஒன்று அப்படிப் பரவியபோது எனக்கு முதலில் வந்தது பயம். மகிழ்ச்சி சில நாள் கழித்துத்தான் வந்தது, அதுவும் அரைகுறையாக.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என் ஊர். வெளியூரில் சொன்னால் "துன் சம்பந்தன் ஊரா?" என்பார்கள். மலேசியாவில் அமைச்சராக இருந்த தமிழர் அவர். ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் அம்மா பால் வெட்டினார். வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, கிளம்பிவிடுவார். மதியம் திரும்பும்போது மேலெல்லாம் ஒட்டுப்பால் வாடை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்திலும் மரத்தின் வெட்டுக் கோட்டிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கும் பால் அது. நாள் ஆக ஆக அழுகல் நாற்றம் அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது.

ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எனக்குப் பள்ளியில் பரிசு கிடைத்தது. பெற்றோரை அழைத்துக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வாடையோடு அம்மா வந்து நிற்பாரே என்ற வெட்கத்தில், கடிதத்தை எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் ஓடிய கால்வாயில் போட்டுவிட்டேன். பரிசோடு வந்து, "யாரோட அம்மா அப்பாவும் வரலம்மா" என்றேன்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கிள்ளான் நகரில் ஒரு வாடகை அறையில் தனியாக மாட்டிக்கொண்டேன். கல்யாண மண்டபங்களில் பாடிச் சம்பாதித்தவளுக்கு வேலை அடியோடு நின்றுபோனது. ஒரு ராத்திரி அந்தக் கடிதம் பாட்டாக வந்தது. கிட்டாரில் மூன்றே கார்டு, கைப்பேசியில் ஒரே தடவையில் பதிவு. மே மாதம் வெளியிட்டேன். கூடப் பாடுகிறவர்கள் முப்பது பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். நாலு நாளில் லட்சத்தைத் தாண்டியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் தங்கள் அம்மாவைப் பற்றி எனக்கு எழுதினார்கள்.

என் அம்மா அதைப் பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியில் கேட்டிருக்கிறார். எனக்கு அழைத்தார்.

"அந்தக் கடுதாசி மெய்யாவே வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். ஜூன் 10-இல் மாநில எல்லைகள் திறக்கும்வரை என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. ஒரு பக்கம் பாராட்டு வந்துகொண்டே இருந்தது, மறு பக்கம் அந்த ஒரு வாக்கியம்.

அந்த நாட்களில் பாட்டியை அடிக்கடி நினைத்தேன். ஒப்பாரி வைப்பதில் எங்கள் தோட்டத்தில் அவருக்குப் பேர் உண்டு. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் பாதியில் தன் கதைக்கு வந்துவிடுவார்: கட்டினவன் அடித்தது, தலைப்பிள்ளை தங்காமல் போனது. கட்டிக்கொண்டு அழும் பெண்களுக்கு அது யாருடைய கதை என்று நன்றாகத் தெரியும். ஆனால் மறுநாள் பெரட்டில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அந்த மரியாதையை நம்பித்தான் பாட்டியால் அவ்வளவு திறந்து பாட முடிந்தது என்று நினைக்கிறேன்.

என் பாட்டுக்கு அப்படி ஒரு மறுநாள் கிடைக்கவில்லை. பேட்டி எடுத்தவர்கள் எல்லாரும் கடிதத்தைப் பற்றியே கேட்டார்கள். ஒருவர் அம்மாவையும் கேமரா முன் உட்காரவைக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன். மனதைத் திறந்து பாடியது பெரிய தைரியம் என்றார்கள். நான் திறந்த பெட்டியில் பாதி அம்மாவுடையது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அடையாளத்துக்கு வருகிறேன். பாட்டில் 'கித்தா' என்று வரும். மலாய்ச் சொல்லிலிருந்து எங்கள் தமிழுக்கு வந்தது. தமிழ்நாட்டில் புரியாது, 'ரப்பர்' என்று மாற்றிப் பாடினால் பெரிதாகச் செய்யலாம் என்றார் ஓர் இசைத் தயாரிப்பாளர். எங்கள் வீட்டில் ரப்பர் என்றால் பென்சில் எழுத்தை அழிப்பது. மரம் எப்போதும் கித்தாதான். நான் மாற்றவில்லை. வாய்ப்பு போனதில் வருத்தம் இருந்தது, ஆனால் மாற்றியிருந்தால் அம்மாவை இரண்டாம் தடவை மறைத்ததாக ஆகியிருக்கும்.

அப்புறம், எல்லாரும் இதே மாதிரி இன்னொன்று கேட்டார்கள். தோட்டத்தில் கித்தாவை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டபோது லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். அந்த நாளை எழுத உட்கார்ந்தேன். நான்காவது வரியில், எந்தச் சொல்லுக்குக் கேட்பவர் அழுவார் என்று நான் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. கிழித்துப் போட்டேன். திடீர்ப் புகழில் எனக்கு இன்றும் பயம் தருவது அந்தக் கணக்குத்தான்.

ஜூனில் ஊருக்குப் போனேன். "பசியாறு" என்று தட்டை வைத்தார் அம்மா. பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், "போன்ல சரியா கேக்கல, பாடு" என்றார். பாடி முடித்ததும் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பெரட்டு ஆறு மணின்னு பாடுற. அஞ்சரை. ஆறு மணிக்கு நான் மரத்துக்கிட்ட நிப்பேன்" என்றார். அன்றிலிருந்து அஞ்சரை என்றுதான் பாடுகிறேன்.

இப்போது புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் அம்மாவுக்குப் பாடிக் காட்டுகிறேன். போன வருடம் எழுதிய ஒன்றில் அப்பாவைப் பற்றிய இரண்டு வரி வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.