போரால் மனம் சிதைந்த இன்ஸ்பெக்டர் துப்பறியும் வரலாற்று நாவல் எதையாவது பரிந்துரைக்க முடியுமா?

தயங்காமல் சொல்வேன்: சார்ல்ஸ் டாட் எழுதிய ‘எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ்’. 1996இல் வந்தது. அந்தப் புனைபெயரில் எழுதியவர்கள் ஒரு தாயும் மகனும். இருவரும் அமெரிக்கர்கள் என்பதை நாவலைப் படித்தவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். இங்கிலாந்துக் கிராமம் அவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது.

கதை நடப்பது 1919இல். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் இயன் ரட்லெஜ் முதல் உலகப்போரிலிருந்து திரும்பி மீண்டும் வேலையில் சேர்ந்திருக்கிறார். பிரான்ஸின் சோம் போர்முனையில், இனி முன்னேற மாட்டேன் என்று மறுத்த ஹேமிஷ் மெக்லவுட் என்ற கார்ப்பொரலுக்கு மரண தண்டனையை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அந்த ஹேமிஷின் குரல் இப்போது அவருக்குள் ஓயாமல் பேசுகிறது, குத்திக்காட்டுகிறது, சில சமயம் துப்பும் கொடுக்கிறது. பேய்க்கதை என்று நினைத்துவிடாதீர்கள். அது தன் மனத்தின் வேலை என்று ரட்லெஜுக்கே தெரியும். தெரிந்தும் பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

வார்விக்‌ஷயர் கிராமம் ஒன்றில் கர்னல் ஹாரிஸ் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகம் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஒரு விமானியின் மீது. அவருக்கு எதிரான சாட்சியோ, ஷெல் ஷாக் எனப்படும் போர் அதிர்ச்சியில் நிலைகுலைந்து குடித்துத் திரியும் முன்னாள் சிப்பாய். அவன் பார்த்தது நிஜமா, பிரமையா? இவன் பேச்சு எடுபடாது என்று ரட்லெஜ் ஒதுக்கினால், தன் கண்ணையும் காதையும் அவர் எந்த முகத்தோடு நம்புவது? துப்பறிபவருக்கு ஒரு பழைய காயத்தை ஒட்டவைத்துவிட்டு வழக்கைத் தனியே ஓட்டும் நாவல்கள் ஏராளம். இதில் காயமே வழக்கின் முடிச்சு.

ஒரு குறை உண்டு. அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் மரண தண்டனையைத் தலைமைத் தளபதி உறுதி செய்ய வேண்டும். விதிக்கப்பட்டவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவேற்றப்படவே இல்லை. நாவலில் ஹேமிஷின் தண்டனையோ அவசரமாக முடிந்துவிடுகிறது. ஆனால் அடித்தளம் உண்மைதான். ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 வீரர்களுக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது.

இந்தியப் பின்னணி வேண்டுமென்றால் அபிர் முகர்ஜியின் ‘எ ரைசிங் மேன்’ இருக்கிறது. அதே 1919, கல்கத்தா, போர் நினைவுகளை அபினில் மறக்கப் பார்க்கும் கேப்டன் சாம் விண்டம். விறுவிறுப்பு அதில் அதிகம், மன ஆழம் ரட்லெஜிடம் அதிகம். ரட்லெஜ் வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்துள்ளன; நடுவில் நுழையாமல் முதல் நாவலான ‘எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ்’ஸிலிருந்தே தொடங்குங்கள்.