குவார்ட்டர் இறங்க எத்தனை மணி நேரம்? மதுவும் உடம்பும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மதுவைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சில கேள்விகளை வீட்டுப் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

காரிமங்கலம், லாரி டிரைவர்: ராத்திரி பத்து மணிக்கு வண்டியை ஓரங்கட்டி ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டுப் படுத்தால், காலை நாலு மணிக்கு வண்டி எடுக்கலாமா? தூங்கி எழுந்தால் இறங்கிவிடும்தானே? மோர் குடித்தால் சீக்கிரம் இறங்கும் என்கிறார்களே?

தூங்கினாலும் விழித்திருந்தாலும் போதை இறங்கும் வேகம் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் உடைத்தாக வேண்டும். சராசரி ஆளின் கல்லீரலால் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் முடியும். ரேஷன் கடையில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பில் போடும் மெஷின் தன் வேகத்தில்தான் போடும், அது போலத்தான் இதுவும். ஆக, ஒரு குவார்ட்டருக்கே ஆறு முதல் எட்டரை மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்தவருக்கு நாலு மணிக்குச் சுத்தமாக இறங்கியிருக்கலாம், ஆறரை வரை இழுக்கவும் செய்யலாம். ஹாஃப் என்றால் மறுநாள் மதியம்கூட ரத்தத்தில் இருக்கும்.

மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. மோர் குடித்தால் உடம்பில் வற்றிய நீரும் உப்பும் கொஞ்சம் ஈடாகும், அவ்வளவுதான். காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும்.

சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். பிரேக்கில் கால் வைக்கும் வேகம், போதை தெரிவதற்கு முன்பே குறைந்துவிடுகிறது. தொப்பூர் இறக்கத்தில் லோடு வண்டி ஓட்டுகிற உங்களுக்கு அதன் அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பென்னாகரம், வாசகி: என் அப்பா இருபது வருடமாகத் தினமும் குடிப்பவர். கார்த்திகையில் மாலை போட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், எங்களையே யாரென்று கேட்டார். சாமி குற்றம் என்று பக்கத்து ஊரில் மந்திரிக்கக் கூட்டிப்போனோம். இப்போது பரவாயில்லை. ஏன் அப்படி ஆனது?

சாமி குற்றம் எதுவும் இல்லை அம்மா. அப்பா பிழைத்தது பெரிய விஷயம். கார்த்திகை, மார்கழியில் இப்படிப்பட்டவர்கள் வார்டுக்கு வருவது எங்களுக்குப் பழகிப்போனது.

ஆல்கஹால் மூளையின் வேகத்தை அடக்கி வைக்கும். தினமும் குடிக்கிறவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். திடீரென்று சரக்கை நிறுத்தினால், அடக்கி வைத்தது போய்விடுகிறது, கூட்டி வைத்த வேகம் மட்டும் நிற்கிறது. முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு நீங்கள் சொன்ன நிலை வரும்: பூச்சி தெரியும், பேச்சுக் குரல் கேட்கும், நாள் கிழமை தெரியாது, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் வைத்து, மூளையைச் சாந்தப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தால், பெரும்பாலானவர்கள் நல்லபடியாகத் தேறிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். இப்படி இருக்கிறவரைப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்க வைத்து "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். நாள்பட்டுக் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் உடம்பில் பி1 வைட்டமின் காலியாக இருக்கும். அதை ஊசியாகப் போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடி, ஞாபகமே போய்விடக்கூடும்.

மாலை போடுவது நல்ல விஷயம், பலருக்கு நிறுத்த அதுதான் தைரியம் தருகிறது. தினசரி குடிப்பவராக இருந்தால் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் கேட்க 14446 என்ற இலவச எண் உண்டு. இந்த முறை நிறுத்தியவர் மாலையைக் கழற்றிய அன்றே பழைய அளவுக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு, வாசகி: குடியை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறதாம். தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. உங்கள் வேதனை புரிகிறது, ஆனாலும் கூடாது.

கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷப் பொருளாக மாற்றும், பிறகு அதையும் உடைத்து வெளியேற்றும். டைசல்ஃபிரம் என்கிற அந்த மாத்திரை இரண்டாவது வேலையைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் விஷம் உடம்பிலேயே தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். "குடித்தால் இப்படி ஆகும்" என்று தெரிந்து பயந்து ஒதுங்குவதற்காகத்தான் அந்த மாத்திரை. தெரியாதவருக்கு அந்தப் பயம் எப்படி வரும்? அவர் வழக்கம்போல ஒரு ஹாஃப் அடிப்பார், இதயம் பலவீனமாக இருந்தால் அங்கேயே விழுவார். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. கூரியரில் வரும் பெயர் தெரியாத பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அவர் சம்மதித்தால், கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்துவிட்டு இதே மாத்திரையை நாங்களே கொடுப்போம். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். வீட்டுக்காரர்களிடம் பேசுவதும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஓசூர், சிப்காட் தொழிலாளி: நான் சனிக்கிழமை மட்டும், அதுவும் பீர்தான். சைடு டிஷ்ஷும் நிறையச் சாப்பிடுவேன். இதில் என்ன கெடுதல்?

ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 40 கிராம் ஆல்கஹால். மூன்று பாட்டில் என்றால் இரண்டு குவார்ட்டர் கணக்கு. சைடு டிஷ் போதை ஏறுவதைத் தாமதப்படுத்தும், உள்ளே போன கிராமைக் குறைக்காது. ஒரே ராத்திரியில் இவ்வளவு குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், கணையம் வீங்கலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலி வந்தால் அல்சர் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை, ஒரு பாட்டியின் சார்பில்: மார்கழிக் குளிருக்கு ஒரு மூடி பிராந்தி நல்லதுதானே? பேரக்குழந்தைக்குச் சளிக்கு ரெண்டு சொட்டு விடலாமா?

குழந்தைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம் பாட்டி. நெஞ்சில் தடவவும் வேண்டாம், பச்சைக் குழந்தையின் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிஞ்சுகளுக்கு ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், வலிப்பு வரும்.

பெரியவர்களுக்கும் அது பொய்ச் சூடுதான். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாகத் தெரியும். அதே வழியில் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். சுக்குக் காபியும் கம்பளியும் போதும்.

தளி, வாசகர்: எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பாக்கெட் சரக்கு உடம்புக்கு அதிகக் கெடுதலா? சாராயத்தில் விஷம் கலந்திருந்தால் வாசனையில் கண்டுபிடிக்க முடியுமா?

கர்நாடகக் கடைகளில் முத்திரையோடு விற்கும் பாக்கெட்டில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒரே எத்தனால்தான். விலை குறைந்ததால் கெடுதல் அதிகமாகாது, விலை கூடினால் குறையவும் குறையாது.

கள்ளச்சாராயம் வேறு கதை. 2008 மே மாதம் பெங்களூரு வட்டாரத்திலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. இரண்டிலும் மெத்தனால்தான் எமன். வாசனையிலோ ருசியிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனாலை உடைக்கும் அதே நொதிதான் மெத்தனாலையும் உடைக்கிறது, ஆனால் கடைசியில் ஃபார்மிக் அமிலம் உண்டாகிறது. அது பார்வை நரம்பைத் தாக்கும். பத்து மில்லிகூடக் கண்ணைப் பறிக்கப் போதும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அரை நாளோ ஒரு நாளோ கழித்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணுக்கு முன் பனி மூடியது போன்ற மங்கல் எல்லாம் வரும். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது, நேரம்தான் முக்கியம். 108-ஐ அழையுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் ஏற்றி அனுப்புங்கள். போலீஸுக்குப் பயந்து ஒளிந்துகொண்டவர்களைத்தான் காப்பாற்ற முடியாமல் போகிறது.

சும்மா ஒரு தகவல்: நம் பக்கத்துக்காரரான ராஜாஜி, 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன.

ஊத்தங்கரை, வாசகர்: சுகர் மாத்திரை போடும் நாளில் குடிக்கலாமா?

சுகருக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. கல்லீரல் ஆல்கஹாலை உடைக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்காது. வெறும் வயிற்றில் குடித்துப் படுத்தால் நடு ராத்திரியில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். குளறலும் தள்ளாட்டமும் போதை மாதிரியே இருப்பதால், "மட்டையாயிட்டான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள். விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கிருஷ்ணகிரி, வாசகர்: லிவர் டெஸ்ட் நார்மல். ஸ்கேனில் மட்டும் ஃபேட்டி லிவர் என்று போட்டிருக்கிறது. தொடரலாமா? போன வருடம் மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி சாப்பிட்டுச் சரியானது.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதால் கல்லீரல் நார்மல் என்று ஆகாது. சுருங்கிப்போன கல்லீரலிலும் அந்த எண்கள் ஒழுங்காக வந்து ஏமாற்றும். காமாலை சரியானது கீழாநெல்லியாலா, அந்த ஒரு மாதம் நீங்கள் குடிக்காமல் பத்தியம் இருந்ததாலா? எனக்கென்னவோ பத்தியம்தான் என்று படுகிறது.

ஃபேட்டி லிவர் கட்டத்தில் முழுக்க நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொழுப்பு கரையத் தொடங்கிவிடும். அடுத்தடுத்த கட்டங்களில் தழும்பு விழுந்து சுருங்கிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். ஆனால் அப்போது நிறுத்தினாலும் ஆயுள் கூடும். கால் வீக்கம், வயிற்றில் நீர், ரத்த வாந்தி, கறுப்பாகப் பிசுபிசுவென்று மலம், இதில் எது வந்தாலும் அன்றே வந்துவிடுங்கள். இப்போதைக்கு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம்.