ஆக்ஸ்பூர்க் மடக்குச் சூரியக் கடிகாரம்: கேள்வியும் பதிலும்

16ஆம் நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க், நியூரம்பெர்க் நகரப் பட்டறைகளிலிருந்து, பொன்முலாம் பூசிய பித்தளையில் உள்ளங்கையளவு மடக்குச் சூரியக் கடிகாரங்கள் வந்தன. ஆக்ஸ்பூர்கின் கிறிஸ்டோஃப் ஷிஸ்லர் இந்த வேலையில் பெரிய கை. கேள்விகள் எல்லாம் இந்த வகைக் கருவியைப் பற்றியவை.

கேள்வி: படத்தில் நகைப்பெட்டி மாதிரி இருக்கிறது. இதில் எது அலங்காரம், எது வேலை செய்யும் பகுதி?

கொடிவேலையையும் பூவேலையையும் மட்டும் அலங்காரம் என்று சொல்லலாம். எண்ணோ கோடோ இருக்கிற இடமெல்லாம் வேலைக்கானது. மூடியைத் திறந்தால் கிடைமட்டமாக மணித்தட்டு, அதில் குழித்து வைத்த காந்தமுள், மடக்கி நிமிர்த்தக்கூடிய நிழல் முள் தெரியும். சிலவற்றில் முள்ளுக்குப் பதில் இழுத்துக் கட்டிய நூல் இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஊர்ப்பெயர்களும் எதிரே எண்களும் பொறித்திருந்தால், அவை அந்தந்த ஊரின் அட்சரேகை. பயணி எந்த ஊரில் இறங்கினாலும் அதைப் பார்த்துத்தான் முள்ளையோ நூலையோ மாற்றி வைப்பார். பல அடுக்குள்ள பெட்டியில் நிலவின் வளர்பிறை, தேய்பிறையைக் காட்டும் சுழல்தட்டும் நாட்காட்டியும் சேர்ந்திருக்கும்.

கேள்வி: முள்ளைச் சாய்த்து வைப்பது ஏன்? நேராக நட்டால் நிழல் விழாதா?

விழும், ஆனால் ஏமாற்றும். செங்குத்தான கோலின் நிழல் காலை 9 மணிக்கு ஆனியில் ஒரு திசையிலும் மார்கழியில் இன்னொரு திசையிலும் விழும். ஒரே கோட்டில் 9 என்று எழுத முடியாது. சூரியன் பூமியின் அச்சைச் சுற்றி மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தெரிகிறது. முள்ளை அந்த அச்சுக்கு இணையாக, அதாவது வடதுருவத்தை நோக்கிச் சாய்த்துவிட்டால், சூரியன் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் 9 மணி நிழல் ஆண்டு முழுக்க ஒரே கோட்டில் விழும். அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகைதான்: ஆக்ஸ்பூர்கில் 48.4 பாகை.

கேள்வி: மணிக்கோடுகள் ஏன் சம இடைவெளியில் இல்லை? கணக்கு என்ன?

முள்ளுக்குச் செங்குத்தாகத் தட்டை வைத்தால் கோடுகள் 15 பாகைக்கு ஒன்றாகச் சமமாக வரும். இங்கே தட்டு தரைக்கு இணையாகக் கிடப்பதால், அந்தச் சம வட்டம் நசுங்கித் தெரிகிறது. கணக்கு இது: நண்பகலிலிருந்து எத்தனை மணி தள்ளியோ அதை 15ஆல் பெருக்கி, அந்தக் கோணத்தின் டேன் மதிப்பை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கவும். வருவது மணிக்கோட்டுக் கோணத்தின் டேன் மதிப்பு. ஆக்ஸ்பூர்குக்குச் சைன் மதிப்பு 0.7475. அப்போது 12 மணிக் கோட்டிலிருந்து 1 மணி 11.3 பாகை, 2 மணி 23.3, 3 மணி 36.8, 4 மணி 52.3, 5 மணி 70.3, 6 மணி 90. அன்றைய கைவினைஞர் இதையே கவராயமும் அடிக்கோலும் வைத்து வரைந்து எடுத்தார்.

பழையது என்று சொல்லி யாராவது ஒன்றை நீட்டினால், முதலில் கோணமானியை எடுங்கள். கிடைத்தட்டில் கோடுகள் எல்லாம் சரியாக 15 பாகை இடைவெளியில் இருந்தால் அது மேசை அழகுக்குச் செய்த பொம்மை. வேலை செய்யாது.

கேள்வி: ஆக்ஸ்பூர்கில் வைத்துப் பார்த்தேன். கைபேசி 12.30 காட்டும்போது இது 12 காட்டியது. பழுதா?

பிப்ரவரியில் பார்த்திருப்பீர்கள். கருவி சரியாகவே சொல்லியிருக்கிறது. கைபேசி காட்டுவது 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம், ஆக்ஸ்பூர்க் இருப்பது 10.9 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் சுமார் 16 நிமிடம் வித்தியாசம். அதோடு பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் சூரிய நேரம் கடிகார நேரத்தைவிட பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்தும். பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து 30 நிமிடம். நவம்பர் தொடக்கத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, அந்த ஊரில் இரண்டும் ஒரே நேரம் காட்டும். கடிகாரத்தை 1 மணி முன்னே நகர்த்தி வைக்கும் கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் இன்னும் 1 மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காந்தக் குழிக்குள் வடக்கை விட்டு விலகி ஒரு கோடு பொறித்திருக்கிறதே, தவறாக வெட்டிவிட்டார்களா?

இல்லை, இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. காந்தமுள் உண்மையான வடக்கைக் காட்டாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நியூரம்பெர்கின் கருவி வல்லுநர் கேயோர்க் ஹார்ட்மன், ரோமில் விலக்கம் 6 பாகை கிழக்கு, நியூரம்பெர்கில் 10 பாகை என்று 1544இல் எழுதியிருக்கிறார். காந்தமுள்ளை அந்தச் சாய்ந்த கோட்டின் மேல் நிறுத்தினால் தட்டு சரியான வடக்கைப் பார்க்கும்.

சிக்கல் என்னவென்றால், விலக்கம் காலத்தோடு மாறுகிறது. இன்று அந்தப் பகுதியில் அது சுமார் 4 பாகை கிழக்கு. பழைய 10 பாகைக் கோட்டை நம்பி வைத்தால் தட்டு 6 பாகை மேற்கே திரும்பி நிற்கும். நண்பகலில் கோடையில் சுமார் 12 நிமிடமும் குளிர்காலத்தில் 25 நிமிடமும் முந்திக் காட்டும். ஆகவே காந்தத்தை விட்டுவிடுங்கள். மேசையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். அன்றைய சூரிய நண்பகல் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு என்று முன்னமே கணக்கிட்டு, அந்த நிமிடத்தில் நிழல் 12இல் விழும்படி தட்டைத் திருப்புங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: ஒரே தட்டில் மூன்று வகை எண்கள். எதைப் படிப்பது?

ஊருக்கு ஊர் மணி எண்ணும் முறை வேறு. 12, 12 என்று எண்ணுவது நமக்குத் தெரிந்தது. இத்தாலிய முறையில் சூரியன் மறைந்ததிலிருந்து 24 வரை எண்ணுவார்கள். நிழல் 20இல் நின்றால் இருட்ட இன்னும் 4 மணி இருக்கிறது. நடைப் பயணிக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது. பாபிலோனிய முறை உதயத்திலிருந்து எண்ணுவது. இந்த இரண்டுக்கும் முள்ளின் விளிம்பு நிழல் உதவாது. நுனியின் அல்லது நூலில் கோத்த மணியின் நிழற்புள்ளியைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 48 பாகைக்குச் செய்த நகல் என்னிடம் இருக்கிறது. சென்னையில் ஓடுமா?

ஓடும், ஆனால் சாய்க்க வேண்டும். சென்னை 13 பாகை, வித்தியாசம் 35. வடக்கு ஓரம் தரையில் இருக்க, தெற்கு ஓரத்தை 35 பாகை தூக்குங்கள். தட்டு 10 செ.மீ. நீளம் என்றால் 5.7 செ.மீ. உயரக் கட்டை போதும். இப்போது தட்டு ஆக்ஸ்பூர்க் தரைக்கு இணையாகக் கிடக்கிறது. அதனால் மார்கழியில் 6.30க்கே இங்கே வெயில் வந்தாலும், தட்டின்மேல் சூரிய நேரம் 8 மணி அளவில்தான் படும், 4 மணி அளவில் விலகிவிடும். ஆக்ஸ்பூர்கின் குறுகிய பகல் அது. இந்திய நேரத்துக்கு மாற்ற 9 நிமிடம் கூட்டி, மேலே சொன்ன பருவத் திருத்தத்தையும் சேர்க்கவும்.

கேள்வி: தண்ணீர் ஊற்றினால் நிழல் பின்னால் போகும் கடிகாரம் உண்டாமே?

உண்டு. ஷிஸ்லர் 1578இல் செய்த கிண்ண வடிவக் கருவி, இன்று ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது. எசேக்கியா அரசனுக்காக, அவன் தந்தை ஆகாஸின் சூரியக் கடிகாரத்தில் நிழல் பத்துப் படி பின்சென்றதாக விவிலியம் சொல்லும் நிகழ்ச்சியைக் கண்முன் காட்டச் செய்தது. காரணம் ஒளிவிலகல். சூரியன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால், கதிர் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து வருகிறது. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினால் அது 40.5 பாகைக்கு மடங்கும். நிழற்புள்ளி கிண்ணத்தின் அடியை நோக்கி, அதாவது நண்பகல் பக்கம் நகரும். மாலையில் ஊற்றினால் நேரம் பின்னால் போனதாகத் தெரியும். காலையில் ஊற்றினால் முன்னால் ஓடும்.

கேள்வி: தாத்தா காலத்துப் பொருள், கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்குச் சரியில்லை. அந்தக் காலப் பொன்முலாம் பாதரசத்தில் கரைத்த தங்கத்தைத் தடவி, சூட்டில் பாதரசத்தை ஓட்டி ஏற்றியது. மிக மெல்லிய படலம். பித்தளை துலக்கும் பொடி அதை உராய்ந்து எடுத்துவிடும். முலாம் தேய்ந்த இடங்களில் புளியின் அமிலம் அடியில் இருக்கும் பித்தளையை அரிக்கும். எழுத்துகளின் பள்ளத்தில் நிரப்பிய கறுப்பு மெழுகும் பெயர்ந்து வரும். அழுக்கு என்று பலர் சுரண்டுவது அதைத்தான். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கீல் இறுகியிருந்தால் நிழல் முள்ளைப் பலமாக நிமிர்த்தாதீர்கள். முள் வளைந்தால் சாய்வு மாறும், பிறகு எந்தக் கோடும் சரியான மணி காட்டாது.